பதினஞ்சு வருஷம் பறந்த மாமா... கணக்கில் ஒரு மைல்கூட இல்லை! - விமானப் பயணத்தில் நாம் கோட்டைவிடும் இலவசப் பாயின்ட்

"மாமா, உங்ககிட்ட எத்தனை மைல் இருக்கு?"

"எங்கிருந்து கண்ணு? இங்கிருந்து திருச்சி ஏர்போர்ட்டுக்கா? ஒரு எழுபத்தஞ்சு மைல் வரும்."

கேட்டது நான். பதில் சொன்னது என் தாய்மாமா. இடம், நாமகிரிப்பேட்டையில் எங்கள் அம்மாயி வீட்டுத் திண்ணை. மஞ்சள் அறுவடை நேரம் என்பதால் தெருவே மஞ்சள் வேகும் வாசனையில் இருந்தது.

மாமா 15 வருஷமாக சிங்கப்பூரில் வெல்டர். வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வந்து போவார். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் ஒரு வழிக்குச் சுமார் 1,800 மைல். போக, வர என்று 15 வருஷத்தில் 30 பயணம். கூட்டிப் பார்த்தால் 54,000 மைல். பூமியை இரண்டு முறை சுற்றி வருவதைவிட அதிக தூரம்.

அடுத்து பெரியம்மா. மகள் நியூ ஜெர்ஸியில் இருக்கிறாள். முதல் பிரசவத்துக்கு 2022-ல் ஒரு முறை, இரண்டாவது பிரசவத்துக்கு 2024-ல் ஒரு முறை என்று பெரியம்மாவும் பெரியப்பாவும் போய் வந்திருக்கிறார்கள். சென்னையிலிருந்து நியூயார்க் பக்கம் போக ஒரு வழிக்கே 8,000 மைலைத் தாண்டும். இரண்டு பேர், இரண்டு பயணம், போக வர... அது ஒரு 64,000 மைலுக்கு மேல்.

ஆக, எங்கள் ஒரு குடும்பம் மட்டும் 1 லட்சத்து 18 ஆயிரம் மைல் பறந்திருக்கிறது. விமான நிறுவனங்களின் உறுப்பினர் கணக்கில் இதில் எவ்வளவு ஏறியிருக்கிறது தெரியுமா? பூஜ்யம். காரணம், யாரும் உறுப்பினராகவே சேரவில்லை. "அதெல்லாம் கோட்டு சூட்டு போட்டுட்டு பிசினஸ் கிளாஸ்ல போறவங்களுக்குன்னு நெனச்சேன்" என்றார் மாமா.

நம்மில் நிறைய பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதனால், கொஞ்சம் விவரமாகவே பார்ப்போம் வாங்க.

மைல் என்றால் என்ன?

மளிகைக் கடையில் தொடர்ந்து வாங்குகிறவர்களுக்கு தீபாவளிக்கு ஒரு பரிசு கொடுப்பார்கள் இல்லையா? அதையே விமான நிறுவனங்கள் கணக்கு வைத்துச் செய்கின்றன. உறுப்பினராகச் சேர்ந்தால் ஒரு எண் தருவார்கள். ஒவ்வொரு முறை பறக்கும்போதும் அந்த எண்ணில் பாயின்ட் ஏறும். போதுமான பாயின்ட் சேர்ந்ததும் டிக்கெட் எடுக்கலாம், நல்ல இருக்கைக்கு மாறலாம், சில நிறுவனங்களில் கூடுதல் லக்கேஜுக்கும் பயன்படுத்தலாம். சேர்வதற்குக் கட்டணம் கிடையாது.

1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'அட்வான்டேஜ்' என்ற திட்டத்தைத் தொடங்கியதிலிருந்துதான் இது உலகம் முழுக்கப் பரவியது. அப்போது பறந்த தூரத்துக்கு ஏற்ப பாயின்ட் கொடுத்தார்கள். அதனால் 'மைல்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. இன்று பல நிறுவனங்கள் தூரத்தைப் பார்ப்பதில்லை. டிக்கெட்டுக்கு எவ்வளவு பணம் கொடுத்தீர்கள் என்று பார்த்துத்தான் பாயின்ட் தருகின்றன. ஏர் இந்தியாவும் 2024-ல் இந்த முறைக்கு மாறிவிட்டது. பெயரில் மட்டும் மைல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த மைலை வைத்து ஒருவர் செய்த கூத்து உலகப் பிரசித்தம். 1999-ல் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த டேவிட் பிலிப்ஸ் என்ற இன்ஜினீயர், ஓர் உணவு நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்தார். பொருளின் பார்கோடை வெட்டி அனுப்பினால் விமான மைல் இலவசம். கணக்குப் போட்டுப் பார்த்தவர், அந்த நிறுவனத்தின் விலை குறைந்த புட்டிங் கப்புகளைக் கடை கடையாகப் போய் அள்ளினார். மொத்தம் 12,150 கப்! செலவு 3,140 டாலர். கிடைத்தது பன்னிரண்டரை லட்சம் மைல். அத்தனை கப்பையும் யார் சாப்பிடுவது? 'சால்வேஷன் ஆர்மி' தொண்டு அமைப்புக்குக் கொடுத்துவிட்டு, அங்கிருந்தவர்களையே பார்கோடை உரித்துத் தரச் செய்தார். இந்தக் கதையிலிருந்து ஒரு ஹாலிவுட் படத்துக்கே கரு கிடைத்தது.

நாம் புட்டிங் வாங்க வேண்டாம். பறக்கும் தூரத்துக்குரியதை வாங்கினாலே போதும்.

நம் நாட்டில் என்னென்ன திட்டம்?

ஏர் இந்தியாவின் 'ஃப்ளையிங் ரிட்டர்ன்ஸ்' 1990-களிலிருந்து இருந்த பழைய திட்டம். 2025-ல் அதன் பெயர் 'மகாராஜா கிளப்' என்று மாறியது. விஸ்தாரா நிறுவனம் 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்தபோது, அதன் உறுப்பினர்களின் பாயின்டுகளும் ஏர் இந்தியா கணக்குக்கு வந்துவிட்டன.

2006-ல் பறக்கத் தொடங்கிய இண்டிகோவிடம் ரொம்ப காலம் இப்படியொரு திட்டமே இல்லை. 2024-ல்தான் 'புளூசிப்' என்ற பெயரில் தொடங்கினார்கள். இன்று உள்நாட்டில் அதிகம் பேர் பறப்பது இண்டிகோவில்தான் என்பதால், நம்மவர்கள் நிறைய பேருக்கு முதலில் பயன்படப்போவது இதுதான்.

வெளிநாட்டு நிறுவனங்களில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 'கிரிஸ்ஃப்ளையர்', எமிரேட்ஸின் 'ஸ்கைவார்ட்ஸ்', ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸின் 'ஃப்ளைஸ்மைல்ஸ்' ஆகியவை தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்குப் பழக்கமான பெயர்கள்.

இங்கே ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. விமான நிறுவனங்கள் கூட்டணி வைத்திருக்கின்றன. ஏர் இந்தியா 2014 ஜூலையிலிருந்து 'ஸ்டார் அலையன்ஸ்' கூட்டணியில் இருக்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்சா, யுனைடெட் எல்லாம் அதே கூட்டணி. ஒன்றில் உறுப்பினராக இருந்துகொண்டு இன்னொன்றில் பறந்தாலும், டிக்கெட் வகையைப் பொறுத்து மைலை உங்கள் ஒரே கணக்கில் ஏற்றிக்கொள்ளலாம். ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் 2014 மே முதல் 'ஒன்வேர்ல்டு' கூட்டணியில் இருக்கிறது. அதனால், பத்து நிறுவனத்தில் பத்துக் கணக்குத் தொடங்கி எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் சிதறவிடுவதைவிட, கூட்டணிக்கு ஒன்று என்று இரண்டு கணக்கில் சேர்ப்பது புத்திசாலித்தனம்.

நம்ம ஊர்க்காரர்கள் எதில் சேரலாம்?

நாமகிரிப்பேட்டை, ராசிபுரம் பக்கத்துக்காரர்களுக்குப் பக்கத்து விமான நிலையம் சேலம்தான். ஓமலூர் அருகே காமலாபுரத்தில் இருக்கிறது. 2018-ல் 'ட்ரூஜெட்' சென்னைக்குப் பறந்தது, பிறகு நின்றுபோனது. 2023 அக்டோபரில் 'உடான்' திட்டத்தில் இண்டிகோவும் அலையன்ஸ் ஏரும் சேவையை மறுபடி தொடங்கின. இண்டிகோவில் ஏறுகிறவர்கள் புளூசிப்பில் சேரலாம். அலையன்ஸ் ஏர் ஒரு காலத்தில் ஏர் இந்தியாவின் துணை நிறுவனமாக இருந்தது. இப்போது தனி அரசு நிறுவனம். அதனால் 'ஏர் இந்தியா கணக்கில் பாயின்ட் ஏறும்' என்ற பழைய நினைப்பில் இருக்க வேண்டாம்.

சிங்கப்பூர் போகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். திருச்சி, கோவையிலிருந்து பறக்கும் 'ஸ்கூட்', சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பட்ஜெட் நிறுவனம். ஸ்கூட்டில் போனாலும் கிரிஸ்ஃப்ளையரில் மைல் சேர்க்கலாம். டிக்கெட் விலை குறைவு என்பதால் ஏறும் மைலும் குறைவுதான். ஆனாலும் சும்மா விடுவானேன்? மாமா இத்தனை வருஷம் விட்டதில் பாதி இதுதான்.

எதில் சேருவது என்று குழப்பமாக இருந்தால் ஒரு கேள்வி போதும்: 'அடுத்த இரண்டு வருஷத்தில் நம் வீட்டில் யார், எங்கே, எந்த விமானத்தில் போகப்போகிறோம்?' அந்த விமானத்தின் திட்டத்தில் சேருங்கள்.

டிக்கெட் யார் எடுத்தாலும், மைல் பறந்தவருக்கே!

பெரியம்மாவின் இரண்டு அமெரிக்கப் பயணத்துக்கும் டிக்கெட் எடுத்தது மாப்பிள்ளைதான். "அவரு பேருக்குத்தானே பாயின்ட் போகும்? எங்களுக்கு என்ன?" என்றார் பெரியம்மா.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறோம். பொதுவான விதி இது: பறந்ததற்கான மைல், பறந்தவரின் கணக்கில்தான் ஏறும். பணம் கட்டியவருக்கு அவருடைய கிரெடிட் கார்டு பாயின்ட் வேண்டுமானால் கிடைக்கும். பெரியம்மா, பெரியப்பா இருவருக்கும் உறுப்பினர் எண் இல்லாததால், அவர்களுக்கான மைல் யாருக்கும் போகாமல் காற்றோடு போனது. கம்பெனி டிக்கெட் எடுத்துக் கொடுத்தாலும் இதே விதிதான். வேலைக்காகப் போகிறவர்கள் கவனியுங்கள்.

பிள்ளைகளுக்கும் கணக்குத் தொடங்கலாம். கிரிஸ்ஃப்ளையரில் 2 வயது நிரம்பிய குழந்தையையே சேர்க்கலாம். மடியில் உட்கார்ந்து வரும் கைக்குழந்தைக்குப் பொதுவாக மைல் கிடையாது.

இனிஷியல் என்ற வில்லன்

இது நம் தமிழ்நாட்டுக்காரர்களுக்கென்றே இருக்கிற பிரச்னை. நானே மாட்டிக்கொண்டேன்.

கல்லூரி முடித்த பிறகு முதன்முதலாக விமானத்தில் போகும் முன்பே ஒரு திட்டத்தில் சேர்ந்திருந்தேன். பெயரோடு இனிஷியலைப் போட்டுத்தான் சேர்ந்தேன், பள்ளி சர்டிஃபிகேட்டில் இருப்பதுபோல. டிக்கெட்டில் பாஸ்போர்ட் பெயர். பாஸ்போர்ட்டில் இனிஷியல் கிடையாது. அப்பாவின் முழுப்பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருந்தது. போய்வந்து ஒரு மாதமாகியும் பாயின்ட் ஏறவில்லை. விசாரித்தால், 'உறுப்பினர் பெயரும் பயணி பெயரும் ஒத்துப்போகவில்லை' என்றார்கள். கம்ப்யூட்டருக்கு, 'எஸ்' என்பதும் 'சுப்பிரமணியம்' என்பதும் ஒரே அப்பா என்று தெரியாதே!

வெள்ளைக்காரர்களுக்குக் குடும்பப் பெயர் உண்டு. நமக்கு அப்பா பெயரின் முதலெழுத்து. பாஸ்போர்ட் எடுக்கும்போது சிலர் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போடுகிறார்கள். சிலர் அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிடுகிறார்கள். காலியாக விட்டவர்களுக்கு மைலைவிடப் பெரிய சிக்கலும் வந்திருக்கிறது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது, நம்மூர் டிராவல்ஸ்காரர்களின் போன் ஓயாமல் அடித்தது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்றுக்கொள்வோம் என்று பிறகு விளக்கம் வந்தது.

அதனால் ஒரே மந்திரம்: பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, எழுத்து பிசகாமல் அப்படியே உறுப்பினர் கணக்கிலும் பெயரைக் கொடுங்கள். எது குடும்பப் பெயர், எது சொந்தப் பெயர் என்ற வரிசையும் மாறக் கூடாது. ரேஷன் கார்டு, ஆதார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் எதையும் இதற்குப் பார்க்க வேண்டாம்.

சேர்வது எப்படி?

* நிறுவனத்தின் சொந்த இணையதளம் அல்லது ஆப்பில் மட்டும் சேருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கைத் தொடாதீர்கள்.

* பெயர், பிறந்த தேதி பாஸ்போர்ட்டில் உள்ளபடி.

* உங்கள் சொந்த இ-மெயிலைக் கொடுங்கள். வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் ஊர் திரும்பினால் சிம் மாறும். பழைய நம்பருக்குத்தான் ஓடிபி போகும். இ-மெயில் மாறாது.

* டிக்கெட்டை ஏஜென்ட் எடுத்தால், உறுப்பினர் எண்ணையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். மறந்துவிட்டால் வெப் செக்-இன் செய்யும்போது சேர்க்கலாம். அதுவும் விட்டுப்போனால் விமான நிலைய கவுன்டரில் சொல்லலாம்.

* போர்டிங் பாஸில் உங்கள் எண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

* மைல் ஏறும்வரை போர்டிங் பாஸையும் இ-டிக்கெட்டையும் தூக்கிப் போடாதீர்கள். போட்டோ எடுத்து வைத்துக்கொண்டாலும் போதும். அந்தப் போட்டோவை ஸ்டேட்டஸில் மட்டும் போட வேண்டாம். அதிலுள்ள பார்கோடில் உங்கள் பயண விவரம் இருக்கிறது.

ஏற்கெனவே பறந்துவிட்டீர்களா? கவலை வேண்டாம். 'விடுபட்ட மைல்' கேட்டு விண்ணப்பிக்க எல்லா நிறுவனங்களிலும் வழி இருக்கிறது. பொதுவாகச் சில மாதங்களுக்குள் கேட்டுவிட வேண்டும். நான் பெயரைத் திருத்தி, போர்டிங் பாஸ் போட்டோவை அனுப்பி, இரண்டு முறை நினைவூட்டிய பிறகு வந்துசேர்ந்தது. உறுப்பினராவதற்கு முன் பறந்ததைக் கேட்டால் சில நிறுவனங்கள் தரும், சில தராது. அதனால் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே சேர்ந்துவிடுவது நல்லது.

மஞ்சள் மாதிரி இருப்பு வைக்க முடியாது

விவரமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பா கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். அவர் மஞ்சள் விவசாயி. செவ்வாய்க்கிழமை ஏலத்துக்கு மூட்டை கொண்டுபோகிறவர். "இப்ப சேத்து வெச்சுக்கிட்டு, பத்து வருஷம் கழிச்சு மொத்தமா எடுத்துக்கலாமா? விரலி மஞ்சள விலை வர்ற வரைக்கும் இருப்பு வெக்கறாப்புல?"

முடியாது என்றேன். இரண்டு காரணம்.

ஒன்று, மைலுக்குக் காலக்கெடு உண்டு. கிரிஸ்ஃப்ளையரில் 3 வருஷம். ஸ்கைவார்ட்ஸில் 3 வருஷம் முடிந்து நீங்கள் பிறந்த மாதக் கடைசி வரை. சில நிறுவனங்களில் அவ்வப்போது ஏதாவது பாயின்ட் ஏறிக்கொண்டிருந்தால் கெடு நீளும். சேரும்போதே இந்த ஒரு விதியைப் படித்துக் காலண்டரில் குறித்துவையுங்கள்.

இரண்டு, மைலின் மதிப்பை நிர்ணயிப்பது நிறுவனம்தான். இன்று 20,000 பாயின்டுக்குக் கிடைக்கும் டிக்கெட்டுக்கு நாளை 25,000 கேட்கலாம். மஞ்சளுக்காவது ஏலத்தில் பத்து வியாபாரி போட்டி போடுகிறார்கள். மைலுக்கு விற்பவரும் வாங்குபவரும் ஒரே ஆள்! காலம் போகப் போக ஒரு டிக்கெட்டுக்குக் கேட்கும் மைல் கூடுவதுதான் உலகம் முழுக்க நடக்கிறது.

நிறுவனமே மூடினால்? அதற்கும் நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் பறப்பதை நிறுத்தியதும், அதன் 'கிங் கிளப்' பாயின்டுகளுக்கு மதிப்பில்லாமல் போனது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. ஆனால், அதன் 'ஜெட் பிரிவிலேஜ்' திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால், 'இன்டர்மைல்ஸ்' என்று பெயர் மாறி, மைல்களை வேறு செலவுகளுக்குப் பயன்படுத்த முடிந்தது. இரண்டு கதையும் சொல்லும் பாடம் ஒன்றுதான். போதுமானது சேர்ந்ததும் செலவழித்துவிடுங்கள்.

குடும்பமாகச் சேர்த்தால்...

தனி ஆள் சேர்ப்பது ஒரு டிக்கெட்டுக்கு எட்டுவதற்குள் காலாவதியாகிவிடலாம். அதற்குத்தான் குடும்பக் கணக்கு. எமிரேட்ஸில் 8 பேர் வரை சேர்ந்து ஒரே இடத்தில் மைலைக் குவிக்க முடியும். ஏர் இந்தியா உட்பட வேறு சில நிறுவனங்களிலும் இந்த வசதி உண்டு. யார் யாரைச் சேர்க்கலாம், எத்தனை பேர் என்பது ஒவ்வொன்றிலும் மாறும்.

அப்பா, அம்மா, மகள், மருமகன் என்று நான்கு பேரின் பயணமும் ஒரே உண்டியலில் விழுந்தால், அடுத்த முறை ஒருவருக்காவது டிக்கெட் செலவு குறையும். முழுக்க இலவசம் என்று மட்டும் நினைக்காதீர்கள். மைலில் எடுக்கும் டிக்கெட்டுக்கும் வரி, விமான நிலையக் கட்டணம் போன்றவற்றைக் காசாகக் கட்ட வேண்டும். சில நிறுவனங்களில் இதுவே கணிசமாக வரும். காசு கொடுத்து எடுத்தால் எவ்வளவு, மைலில் எடுத்தால் வரி எவ்வளவு என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுங்கள். பொங்கல், கோடை விடுமுறை மாதிரி நெரிசல் நேரத்தில் மைல் டிக்கெட் கிடைப்பதும் கஷ்டம்.

அடிக்கடி பறப்பவர்களுக்கு சில்வர், கோல்டு என்று படிநிலை உண்டு. கூடுதல் லக்கேஜ், முன்னுரிமை வரிசை, ஓய்வறை போன்றவை கிடைக்கும். பருப்புப்பொடி, ஊறுகாய், குழந்தைக்கு மருந்துச் சாமான் என்று கிலோ கணக்கில் கட்டிக்கொண்டு போகும் நம் அம்மாக்களுக்கு, ஓய்வறையைவிடக் கூடுதல் லக்கேஜ்தான் பெரிய வரம்!

இதில் மாட்டிக்கொள்ளாதீர்கள்

விமான நிறுவனங்கள் ஏன் இப்படி அள்ளிக் கொடுக்கின்றன என்று தோன்றலாம். அவை கொடுப்பது மட்டுமில்லை, மைலை வங்கிகளுக்கு விற்கவும் செய்கின்றன. வங்கிகள் அதைக் கிரெடிட் கார்டு வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கின்றன. இது எவ்வளவு பெரிய வியாபாரம் என்றால், 2020 கொரோனா காலத்தில் அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனம் தன் மைல் திட்டத்தையே ஈடாக வைத்துப் பல நூறு கோடி டாலர் கடன் வாங்கியது.

எனவே, 'இந்த கார்டு எடுத்தால் இத்தனை ஆயிரம் மைல் இலவசம்' என்று போன் வந்தால் நிதானியுங்கள். ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். மாதக் கடைசியில் முழுத் தொகையையும் கட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கே அது லாபம். பாக்கி வைத்தால் வட்டி, கிடைத்த மைலைப் போல் பல மடங்கைத் தின்றுவிடும். மைலுக்காகத் தேவையில்லாததை வாங்குவதும், விலை அதிகமான டிக்கெட்டை எடுப்பதும் அப்படித்தான்.

'உங்கள் மைல் இன்றே காலாவதியாகிறது, ஓடிபி சொல்லுங்கள்' என்று அழைப்பு வந்தால் துண்டித்துவிடுங்கள். மைலும் பணம் மாதிரிதான், திருடுபோகும். மைலை வெளியாட்களிடம் விற்பதும் வாங்குவதும் பெரும்பாலான திட்டங்களில் விதிமீறல். தெரிந்தால் கணக்கையே முடக்கிவிடுவார்கள்.

மாமா கேட்ட கேள்வி

எல்லாம் கேட்டு முடித்த மாமா, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார். "அப்ப, இதுல சேந்திருந்தா... அம்மா போனப்ப நான் வந்திருக்கலாமா கண்ணு?"

அம்மாயி இறந்தது 2023 தை மாதம். விடியற்காலையில் மாமாவுக்குத் தகவல் சொன்னோம். அன்றைக்கே புறப்படும் டிக்கெட், வழக்கமாக அவர் எடுப்பதைப் போல மூன்று மடங்கு. கையில் இருந்த காசைப் பொங்கலுக்கு ஊருக்கு அனுப்பியிருந்தார். ரூமில் இருந்தவர்களிடம் கைமாத்து வாங்கிச் சேர்ப்பதற்குள் விமானம் போய்விட்டது. மறுநாள் காலை அம்மாயியை எடுக்கும்போது வீடியோ காலில்தான் பார்த்தார். நான்தான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பொய் சொல்ல எனக்கு மனசில்லை. அவர் எதிரிலேயே கணக்குப் போட்டேன். 3 வருஷக் கெடு என்றால், எந்த நேரத்திலும் அவர் கணக்கில் கடைசி ஆறு பயணத்துக்கான மைல்தான் இருந்திருக்கும். அந்த இடைவெளியில் கொரோனாவும் வந்ததால் அதுவும் குறைவு. எடுத்ததெல்லாம் மலிவு டிக்கெட். ஒரு வழி டிக்கெட்டுக்குக்கூட எட்டியிருக்காது. எட்டியிருந்தாலும் அன்றைக்கே மைலில் சீட் இருந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

"பெரும்பாலும் முடிஞ்சிருக்காதுங்க மாமா. அன்னைக்கு உங்களுக்கு வேண்டியிருந்தது கையில காசு" என்றேன்.

மாமா தலையாட்டினார். அந்தப் பதில் அவருக்கு ஒருவிதத்தில் ஆறுதலாக இருந்ததோ என்னவோ. 'ஒரு ஃபார்ம் நிரப்பாததால்தான் அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை' என்ற நினைப்பு இனி அவருக்கு வேண்டியதில்லை.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் எல்லா வீட்டுக்கும் இதைச் சொல்லலாம். மைல் ஒரு போனஸ்தான். திட்டமிட்டுப் போகும் பயணத்தில் செலவைக் குறைக்கும். அவசரத்துக்கு அதை நம்பி இருக்கக் கூடாது. அதற்கு ஒரு டிக்கெட் காசைத் தனியாக எடுத்துவைக்க வேண்டும். மைலில் மிச்சமாவதை அதில் போட்டால் இரண்டுக்கும் ஆச்சு.

பெரியம்மா அப்போதே முடிவெடுத்துவிட்டார். தம்பிக்கும் சேர்த்து போஸ்ட் ஆபீஸில் ஆர்.டி. ஒன்று போடப்போகிறார். "அதுல கை வெக்கக் கூடாது. வழிச்செலவுக்கு மட்டும்தான்" என்று உத்தரவு.

மாமாவின் போனை வாங்கி ஃபார்மைத் திறந்தேன். பாஸ்போர்ட்டை எடுத்துவரச் சொன்னேன். "பேரு போட்டாச்சு. குடும்பப் பேருன்னு கேக்குது பாரு, அங்க என்ன போடறது?" என்றார்.

பாஸ்போர்ட்டைப் பிரித்துப் பார்த்தேன். அந்த இடத்தில் என் அப்பிச்சியின் பெயர் முழுசாக இருந்தது. எழுத்து பிசகாமல் அப்படியே அடித்தேன்.